பாலாற்றின் அந்தக் கரை: எல்லை தாண்டிய குற்றமும் எல்லையில் நின்ற நீதியும்

இந்திய தண்டனைச் சட்டம் என்று 1860ல் வந்த ஐ.பி.சி.யில் 310 என்று ஒரு பிரிவு இருந்தது. அதிகம் பேருக்குத் தெரியாத பிரிவு. கொலை செய்து கொள்ளையடிப்பதையோ, கொலை செய்து குழந்தைகளைக் கடத்துவதையோ தொழிலாக வைத்துக்கொண்டு, அதற்காகவே கூட்டம் சேர்ந்து திரிபவன் "தக்" என்று அந்தப் பிரிவு சொன்னது. அடுத்த பிரிவான 311 அவனுக்கு ஆயுள் தண்டனை என்றது.

கடத்தல், கொள்ளை, கொலை. மூன்றும் ஒரே வாக்கியத்தில்! இப்படி ஒரு பிரிவு எழுத வேண்டிய அவசியம் ஏன் வந்தது? அதற்கான காரணத்தின் ஒரு பகுதி நம் சேலம், ஆற்காடு, கோவை சாலைகளில்தான் இருக்கிறது. அந்தக் கதையின் கடைசி அத்தியாயமும் அதே மண்ணில்தான், மேட்டூருக்கு மேற்கே, பாலாற்றங்கரையில் எழுதப்பட்டது. இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள். ஆனால் கேள்வி ஒன்றுதான்: எல்லைக்கு இந்தப் பக்கம் இருப்பவன் அந்தப் பக்கம் குற்றம் செய்தால், அவனை யார் பிடிப்பது, யார் விசாரிப்பது, யார் தண்டிப்பது?

சுருக்குக் கயிறும் சித்தூர் நீதிமன்றமும்

1792ல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் சேலத்தையும் பாராமகாலையும் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். கர்னல் அலெக்சாண்டர் ரீட் இங்கே நிர்வாகம் பார்க்க வந்தார். பின்னாளில் சென்னை கவர்னரான தாமஸ் மன்றோ அப்போது அவருக்கு உதவியாளர். 1799ல் திப்பு இறந்த பிறகு மைசூர் மீண்டும் உடையார் வம்சத்தின் கைக்குப் போனது. அதாவது கம்பெனி சீமை, மைசூர் ராஜ்ஜியம், திருவாங்கூர் ராஜ்ஜியம், நிஜாம் சீமை என்று தென்னிந்தியா பல துண்டுகளாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் தனி அரசன், தனி சட்டம், தனி காவல். இன்றைய பாஷையில் சொன்னால் தனித்தனி நாடுகள்.

இந்தத் துண்டுகளுக்கு நடுவே வணிகர்களும் யாத்ரீகர்களும் பணம் கொண்டு போகும் ஆட்களும் நடந்துகொண்டே இருந்தார்கள். அவர்களோடு வழித்துணையாகச் சேர்ந்து நடந்து, நம்பிக்கை வந்த பிறகு கழுத்தில் சுருக்குப் போட்டுக் கொன்று, புதைத்துவிட்டு, பணத்தோடு போகும் கூட்டங்கள் இருந்தன. தெற்கே இவர்களை "பான்சிகர்" என்றார்கள். பான்சி என்றால் சுருக்கு. வடக்கே இவர்களைத்தான் "தக்" என்றார்கள்.

1799ல் பெங்களூர் அருகே சுமார் நூறு பான்சிகர்கள் பிடிபட்டார்கள். அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1807ல் சித்தூருக்கும் ஆற்காட்டுக்கும் இடையே ஒரு கூட்டத்தின் ஆட்கள் சிலர் மாட்டினார்கள். அவர்கள் திருவாங்கூர் வரை போய்க் கொள்ளையடித்துவிட்டுக் கை நிறையப் பொருளோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள்! அவர்களை விசாரித்தபோதுதான் இது ஒருவர் இருவர் செய்யும் வேலையல்ல, பெரிய வலை என்று தெரிந்தது. சென்னையில் கம்பெனி மருத்துவராக இருந்த ஷெர்வுட் என்பவர் 1816ல் இவர்களைப் பற்றி விரிவான கட்டுரை எழுதினார்.

அவர் கவனித்த ஒரு விஷயம் முக்கியமானது. பான்சிகர்கள் தங்கள் ஊர்ப் பக்கத்தில் கைவரிசை காட்ட மாட்டார்கள். வீடு ஒரு பாளையக்காரர் எல்லையில் இருக்கும், தொழில் நூறு மைலுக்கு அப்பால் வேறொரு அரசின் எல்லையில் நடக்கும். கொள்ளையில் பாளையக்காரருக்கும் பங்கு போகும். அதனால் சொந்த ஊரில் அவர்கள் நல்ல குடியானவர்கள்.

இப்போது நீதிபதியின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கொலை நடந்தது திருவாங்கூரில். கொலையானவன் ஊர் வேறெங்கோ. உடல் எங்கே புதைந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. புகார் கொடுக்க ஆளில்லை. பிடிபட்டவன் நிற்பது சித்தூரில். சாட்சி என்று இருப்பவன் அதே கூட்டத்தில் இருந்து அப்ரூவராக மாறிய இன்னொரு கொலைகாரன். அன்றைய கம்பெனி நீதிமன்றங்களில் நடைமுறையில் இருந்தது இஸ்லாமிய குற்றவியல் சட்டம். கூட்டாளியின் வாக்குமூலத்தை மட்டும் வைத்துத் தண்டிக்க அது இடம் கொடுக்கவில்லை. ஆதாரம் போதாமல் பல கைதிகள் வெளியே போனார்கள்.

இதற்கு விடையாக வந்ததுதான் 1836ம் வருடத்து 30வது சட்டம். மிகச் சிறிய சட்டம். ஆனால் மூன்று பெரிய காரியங்களைச் செய்தது. ஒன்று, கம்பெனி எல்லைக்கு உள்ளேயோ வெளியேயோ தக்கர் கூட்டத்தில் இருந்தவன் என்று நிரூபித்தாலே போதும், ஆயுள் தண்டனை. இரண்டு, குற்றம் எங்கே நடந்தது என்ற கேள்வி இல்லை, கம்பெனி நீதிமன்றம் எதுவும் விசாரிக்கலாம். மூன்று, இஸ்லாமிய சட்ட அதிகாரியின் ஃபத்வா தேவையில்லை.

எல்லை என்ற சுவரை ஒரே அடியில் தகர்த்துவிட்டார்கள். ஆனால் அதற்குக் கொடுத்த விலை என்ன? அதுவரை ஒருவனைத் தண்டிக்க அவன் செய்த *செயலை* நிரூபிக்க வேண்டும். இனிமேல் அவன் எந்தக் *கூட்டத்தைச் சேர்ந்தவன்* என்று நிரூபித்தால் போதும்.

இந்த விதை பின்னால் எப்படி வளர்ந்தது என்று பாருங்கள். 1871ல் குற்றப்பரம்பரைச் சட்டம் வந்தது. 1911ல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறப்பையே குற்றமாக்கிய சட்டம். சுதந்திரத்துக்குப் பிறகு 1952ல்தான் அது நாடு முழுக்க ஒழிந்தது. தமிழ்நாட்டின் சீர்மரபினர் பட்டியலில் "சேலம் மேல்நாடு கொறவர்", "சேலம் உப்பு கொறவர்" என்று நம் ஊர்ப் பெயரோடு சேர்ந்தே சமூகங்கள் இருக்கின்றன. எல்லை தாண்டும் கொலைகாரனைப் பிடிக்க ஆரம்பித்த யோசனை, எந்தக் கொலையும் செய்யாத குடும்பங்கள் காவல் நிலையத்தில் கைரேகை வைப்பதில் போய் முடிந்தது.

கோடு நகர்ந்த கதை

அடுத்து 1956க்கு வருவோம்.

மேட்டூர் அணையிலிருந்து கொளத்தூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில் பாலாறு என்ற சிற்றாறு குறுக்கிடும். (இது வேலூர்ப் பாலாறு அல்ல. காவிரியில் வந்து சேரும் சின்ன ஆறு.) இந்தக் கரை சேலம் மாவட்டம், தமிழ்நாடு. அந்தக் கரை கர்நாடகம். அந்தப் பக்கம் காட்டுக்குள் போனால் கோபிநத்தம் என்ற ஊர். பேசுவது தமிழ்.

1956 நவம்பர் 1ம் தேதி வரை இங்கே எல்லையே கிடையாது. கோபிநத்தம் இருந்த கொள்ளேகால் தாலுகா, சென்னை மாநிலத்தின் கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. மொழிவாரி மாநிலங்கள் பிரித்தபோது அந்தத் தாலுகா மைசூர் மாநிலத்துக்குப் போனது. 1952 ஜனவரியில் கோபிநத்தத்தில் பிறந்த ஒரு குழந்தை நான்கு வயதில், வீட்டை விட்டு நகராமலே, வேறு மாநிலத்துக்குக் குடிபோனது. அந்தக் குழந்தையின் பெயர் கூசு முனுசாமி வீரப்பன்.

இந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் ஒரே காடு, ஒரே சந்தன மரம், ஒரே யானை. ஆனால் இரண்டு வனத்துறை, இரண்டு போலீஸ், இரண்டு ஆட்சி மொழி. மூன்றாவதாகக் கேரளம் வேறு பக்கத்தில். தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் சந்தன மரம் அப்போது அரசின் சொத்தாக இருந்தது. கேரளத்தில் சந்தன எண்ணெய் ஆலைகள் இருந்தன. ஒரு பக்கம் கட்டுப்பாடு, இன்னொரு பக்கம் வாங்க ஆள். இப்படி இரண்டு விதமான சந்தைகளுக்கு நடுவே கோடு போட்டால் கடத்தல் தானாக வரும் என்பது வணிகவியல் முதல் வருடப் பாடம்!

வீரப்பன் முதலில் யானைத் தந்தம், பிறகு சந்தனம். 1986ல் கர்நாடகத்தில் பிடிபட்டு, வனத்துறை விருந்தினர் மாளிகையில் காவலில் இருந்தபோது தப்பினார். அதன் பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகப் பார்த்தால்:

1987ல் தமிழ்நாடு வனத்துறை அதிகாரி சிதம்பரம் கொலை.

1991 நவம்பரில் கர்நாடக வனத்துறை அதிகாரி ஸ்ரீநிவாஸ் கொலை. கோபிநத்தத்திலேயே தங்கி ஊர் மக்களுக்கு வீடும் கோயிலும் கட்டிக்கொடுத்தவர். சரணடைகிறேன் என்று அழைத்துக் கொன்றார்கள்.

1992 மே மாதம் கர்நாடகத்தின் ராமாபுரம் காவல் நிலையம் தாக்கப்பட்டது. ஐந்து காவலர்கள் பலி, ஆயுதங்கள் கொள்ளை.

1992 ஆகஸ்ட் 14ல் மீண்யம் அருகே மைசூர் எஸ்.பி. ஹரிகிருஷ்ணா, எஸ்.ஐ. ஷகீல் அகமது உள்ளிட்டோர் பதுங்கித் தாக்கிக் கொலை.

1993 ஏப்ரல் 9ல் பாலாறு குண்டுவெடிப்பு.

1994ல் கோவையைச் சேர்ந்த டி.எஸ்.பி. சிதம்பரநாதன் கடத்தல். 1997ல் வனவிலங்குப் புகைப்படக்காரர்கள் கிருபாகர், சேனானி கடத்தல். 1998ல் ஈரோடு மாவட்டம் வெள்ளித்திருப்பூர் காவல் நிலையத்தில் ஆயுதக் கொள்ளை. 2000ல் ராஜ்குமார் கடத்தல். 2002ல் கர்நாடக முன்னாள் அமைச்சர் நாகப்பா கடத்தப்பட்டு, டிசம்பரில் காட்டில் பிணமாகக் கிடந்தார்.

ஐ.பி.சி. 310ல் சொன்ன அதே மூன்று. கடத்தல், கொள்ளை, கொலை. நடுவில் ஒரு எல்லை.

சட்டத்தில் ஓட்டை இருந்ததா?

பொதுவாக எல்லோரும் சொல்வது என்ன? "ரெண்டு மாநில எல்லையில இருந்தான், அதனாலதான் பிடிக்க முடியலை, தண்டிக்க முடியலை." டீக்கடை முதல் டிவி விவாதம் வரை இதுதான்.

ஆனால் சட்டப் புத்தகத்தைத் திறந்தால் கதை வேறு. 1973ம் வருடத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இந்தப் பிரச்சனைக்கு முன்பே பதில் சொல்லிவிட்டது.

பிரிவு 48: பிடியாணை இல்லாமல் கைது செய்யும் அதிகாரமுள்ள போலீஸ்காரர், குற்றவாளியைத் துரத்திக்கொண்டு இந்தியாவில் எந்த இடத்துக்கும் போகலாம்.

பிரிவு 178: குற்றம் எந்த எல்லையில் நடந்தது என்பது சந்தேகமாக இருந்தால், அல்லது பாதி இங்கே பாதி அங்கே நடந்திருந்தால், இரண்டில் எந்த நீதிமன்றமும் விசாரிக்கலாம்.

பிரிவு 181: ஆள் கடத்தல் என்றால், கடத்தப்பட்ட இடம், கொண்டு போன இடம், ஒளித்து வைத்த இடம், அடைத்து வைத்த இடம் என எந்த இடத்து நீதிமன்றமும் விசாரிக்கலாம். கூட்டுக்கொள்ளை, கொலையுடன் கூடிய கூட்டுக்கொள்ளை என்றால், குற்றம் நடந்த இடமோ குற்றவாளி அகப்பட்ட இடமோ போதும்.

இந்த 181ம் பிரிவு எந்த வார்த்தையில் ஆரம்பித்தது தெரியுமா? "தக்காக இருந்த குற்றம்" என்பதில்தான்! 1836ல் சித்தூர், ஆற்காடு அனுபவங்களுக்குப் பிறகு எழுதிய வாசகத்தின் வாரிசு, 1973ம் வருடச் சட்டத்திலும் உட்கார்ந்திருந்தது.

பிரிவு 406: தேவைப்பட்டால் உச்ச நீதிமன்றமே ஒரு மாநில வழக்கை இன்னொரு மாநிலத்துக்கு மாற்றலாம்.

ஆக எல்லைக் கோடு குற்றவாளிக்கு உதவியது உண்மை. ஆனால் சட்டத்துக்கு அது சுவராக இருக்கவில்லை. பிறகு எது சுவராக இருந்தது? இரண்டு வழக்குகளைப் பார்ப்போம்.

முதல் வழக்கு: பாலாறு

1993 ஏப்ரல் 9. தமிழ்நாடு காவல்துறை அதிகாரி கோபாலகிருஷ்ணன் ("ராம்போ" என்று பெயர் பெற்றவர்) தலைமையில் ஒரு குழு வண்டிகளில் பாலாற்றைத் தாண்டிப் போனது. வழியில் புதைத்து வைத்திருந்த கண்ணிவெடிகள் வெடித்தன. காவலர்கள், வனத்துறையினர், தகவல் சொல்ல உடன் சென்றவர்கள் என 22 பேர் இறந்தார்கள். கோபாலகிருஷ்ணன் படுகாயத்தோடு பிழைத்தார்.

குழுவை நடத்திச் சென்றது தமிழ்நாட்டு அதிகாரி. வெடி வெடித்த மண் கர்நாடகம். வழக்கு மைசூரில் இருந்த தடா சிறப்பு நீதிமன்றத்தில் நடந்தது. தடா சட்டம் 1995ல் காலாவதியானாலும் ஏற்கனவே பதிவான வழக்குகள் தொடர்ந்தன. தடாவின் 15வது பிரிவுப்படி எஸ்.பி. அந்தஸ்தில் உள்ள போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலமும் சாட்சியமாக செல்லும். சாதாரணச் சட்டத்தில் செல்லாது. 1836ல் அப்ரூவர் சொல்லுக்குக் கொடுத்த சலுகை மறுபடி வேறு உருவில் வந்தது.

நூற்றுக்கும் மேற்பட்டோர் தடாவில் சிறையில் இருந்தார்கள். பெரும்பாலும் எல்லையோரக் கிராமங்களைச் சேர்ந்த ஏழை ஜனங்கள். பெண்களும் உண்டு. 2001 செப்டம்பரில் தீர்ப்பு வந்தபோது அவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள். ஏழு எட்டு வருடம் உள்ளே இருந்த பிறகு!

பாலாறு வழக்கில் நால்வருக்கு ஆயுள் தண்டனை. அவர்கள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த ஆயுளைத் தூக்குத் தண்டனையாக உயர்த்தியது. கருணை மனு ஒன்பது வருடம் கிடந்தது. 2013 பிப்ரவரியில் ஜனாதிபதி நிராகரித்தார். 2014 ஜனவரி 21ம் தேதி, கருணை மனு மீது முடிவெடுக்க நியாயமில்லாத தாமதம் ஆனதே தண்டனையைக் குறைக்கப் போதுமான காரணம் என்று சொல்லி, இந்த நால்வர் உட்பட 15 பேரின் தூக்கை உச்ச நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது. அந்த அமர்வின் தலைவர் தலைமை நீதிபதி சதாசிவம். அவர் ஈரோடு மாவட்டம் பவானி பக்கத்துக்காரர். அதே காவிரிக்கரை!

ஒரு குண்டுவெடிப்பு, இறுதித் தீர்ப்புக்கு 21 வருடம்.

இரண்டாவது வழக்கு: ராஜ்குமார்

2000 ஜூலை 30 இரவு. ஈரோடு மாவட்டம் தாளவாடி அருகே காஜனூரில் உள்ள பண்ணை வீட்டில் இருந்து கன்னட நடிகர் ராஜ்குமாரையும் உடன் இருந்த மூவரையும் வீரப்பன் கடத்திச் சென்றார். கர்நாடகத்தின் மிகப் பெரிய நடிகர், தமிழ்நாட்டு மண்ணில் இருந்து, தமிழ் பேசும் ஒருவரால் கடத்தப்பட்டிருக்கிறார். பெங்களூர் ஸ்தம்பித்தது. இரு மாநிலங்களுக்கும் இடையே பஸ்கள் நின்றன. சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் லாரி வைத்துப் பிழைப்பவர்களுக்குப் பெங்களூர் சாலை எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. காட்டில் அடைபட்டவர்கள் நால்வர். ஆனால் பிணைக்கைதிகளாக இருந்தவர்கள் எல்லைக்கு இரண்டு பக்கமும் இருந்த லட்சக்கணக்கான சாமானியர்கள்.

நக்கீரன் கோபால் தூதராகக் காட்டுக்குள் போனார். வீரப்பனின் கோரிக்கைப் பட்டியலில் காவிரி நீர் முதல் பெங்களூரில் திருவள்ளுவர் சிலை திறப்பு வரை இருந்தது. அதில் ஒன்று: மைசூர் சிறையில் இருக்கும் தடா கைதிகளை விடுவிக்க வேண்டும். தமிழ்நாட்டுச் சிறையில் இருந்த ஐந்து பேரையும் விடுவிக்க வேண்டும்.

கருணாநிதி அரசும் எஸ்.எம்.கிருஷ்ணா அரசும் ஒப்புக்கொண்டன. மைசூரில் அரசு வழக்கறிஞர், நடைமுறைச் சட்டத்தின் 321வது பிரிவின் கீழ் தடா குற்றச்சாட்டுகளைத் திரும்பப் பெறுகிறோம் என்று மனுப் போட்டார். நீதிமன்றமும் சம்மதித்தது. சிறையில் இருந்த 51 பேரும் ஜாமீனில் வெளியே வரவேண்டியதுதான் பாக்கி.

அப்போது ஒரு முதியவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். பெயர் அப்துல் கரீம். 1992ல் மீண்யத்தில் கொல்லப்பட்ட எஸ்.ஐ. ஷகீல் அகமதுவின் தந்தை. இரண்டு மாநில அரசுகளும் ஒரு பக்கம். மகனை இழந்த தகப்பன் ஒரு பக்கம்.

2000 நவம்பர் 7ம் தேதி நீதிபதிகள் பரூச்சா, மொகபாத்ரா, சபர்வால் தீர்ப்புச் சொன்னார்கள். வழக்கைத் திரும்பப் பெறுவது அரசாங்கம் இட்ட கட்டளையாக இருக்கக் கூடாது. அரசு வழக்கறிஞர் ஆவணங்களைப் பார்த்து, தானே யோசித்து, பொது நன்மைக்கு என்று திருப்தியடைந்துதான் மனுப் போட வேண்டும். நீதிமன்றமும் கண்ணை மூடிக்கொண்டு சம்மதிக்கக் கூடாது. இங்கே இரண்டும் நடக்கவில்லை. ஆகவே திரும்பப் பெறும் உத்தரவுகள் ரத்து.

இந்தத் தீர்ப்பு வந்தால் ராஜ்குமார் உயிருக்கு ஆபத்து, ஊரே எரியும் என்று பயந்தார்கள். எட்டாவது நாள், நவம்பர் 15ல், 108 நாட்களுக்குப் பிறகு ராஜ்குமார் உயிரோடு வந்தார். தடா கைதிகளை விடாமலே!

சரி, கடத்தல் வழக்கு என்ன ஆனது? சம்பவம் நடந்த இடம் தாளவாடி என்பதால் வழக்கு தமிழ்நாட்டில், கோபிசெட்டிபாளையம் நீதிமன்றத்தில் நடந்தது. 2004 அக்டோபர் 18ம் தேதி தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே விஜயகுமார் தலைமையிலான அதிரடிப்படை வீரப்பனையும் கூட்டாளிகளையும் சுட்டுக்கொன்றது. உடல் மேட்டூர் அருகே மூலக்காட்டில் அடக்கமானது. முக்கியக் குற்றவாளி இறந்தால் அவர் மீதான வழக்கும் இறந்துவிடும். 2006ல் ராஜ்குமாரும் காலமானார். 2018 செப்டம்பர் 25ல், மீதமிருந்த ஒன்பது பேரும் போதிய ஆதாரம் இல்லை என்று விடுதலை.

18 வருடம். தண்டனை பூஜ்யம். இரண்டு மாநிலங்களையும் 108 நாள் நிறுத்தி வைத்த குற்றத்துக்கு சட்டப்படி குற்றவாளி என்று ஒருவர் கூடக் கிடையாது.

கோட்டின் மேல் குடியிருந்தவர்கள்

இரண்டு வழக்குகளிலும் அதிகார வரம்பு ஒரு பிரச்சனையாகவே இல்லை என்பதைக் கவனியுங்கள். மைசூர் நீதிமன்றம் தமிழ்நாட்டு போலீஸ் மீதான தாக்குதலை விசாரித்தது. கோபி நீதிமன்றம் கர்நாடக நடிகரின் கடத்தலை விசாரித்தது. தவறியது சாட்சி. பயம் இல்லாமல் கூண்டில் ஏறி உண்மையைச் சொல்ல ஆள் இல்லை.

ஏன் இல்லை? சாட்சி சொல்ல வேண்டியவர்கள் கொளத்தூர், பாலாறு, மாதேஸ்வரன் மலை, தாளவாடிப் பக்கத்து ஜனங்கள். போலீசுக்குத் தகவல் சொன்னால் வீரப்பன் கொன்றார். வீரப்பனுக்கு அரிசி கொடுத்ததாக சந்தேகம் வந்தால் அதிரடிப்படை இழுத்துப்போனது. மாதேஸ்வரன் மலையில் "ஒர்க்‌ஷாப்" என்று பெயர் பெற்ற விசாரணைக் கூடத்தைப் பற்றி மக்கள் சொன்ன புகார்களைக் கேட்க, தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்தது. கடைசியில் 2007ல் பாதிக்கப்பட்ட 89 பேருக்கு 2 கோடியே 80 லட்ச ரூபாய் இடைக்கால நிவாரணம் கொடுக்க ஆணையம் பரிந்துரைத்தது.

தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தி இன்னொரு உதாரணம். 1992 ஜூனில் சந்தன மரம் தேடுகிறோம் என்று போன வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் மலைவாழ் மக்களின் கிராமத்தையே சூறையாடினார்கள். பெண்கள் மீது பாலியல் வன்கொடுமை நடந்தது. 269 பேர் மீது குற்றச்சாட்டு. 2011ல் தர்மபுரி நீதிமன்றம், அதற்குள் இறந்தவர்கள் போக உயிரோடிருந்த 215 பேரையும் தண்டித்தது. 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்த வழக்கில் எல்லையும் இல்லை, காட்டில் ஒளிந்தவனும் இல்லை. இருந்தும் முதல் தீர்ப்புக்கு 19 வருடம். ஆனால் அங்கே சாட்சிகள் இருந்தார்கள். ஊரே சேர்ந்து நின்று சொன்னது. அதனால் தண்டனை கிடைத்தது. வித்தியாசம் புரிகிறதா?

உண்மையான நாட்டு எல்லை என்றால்?

மாநில எல்லைக்கே இவ்வளவு பாடு என்றால், குற்றம் நாட்டு எல்லையைத் தாண்டினால்?

அங்கே சட்டமே நிஜமாகச் சுவராகிவிடும். நம் போலீஸ் துரத்திக்கொண்டு கொழும்புக்கோ கோலாலம்பூருக்கோ போக முடியாது. இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் கொலை செய்தால் இங்கே விசாரிக்கலாம், ஆனால் பழைய 188வது பிரிவுப்படி மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். ஆள் வெளிநாட்டில் இருந்தால் 1962ம் வருடத்து நாடுகடத்தல் சட்டப்படி கேட்டு வாங்க வேண்டும். பொதுவாக, அந்தச் செயல் இரண்டு நாட்டிலும் குற்றமாக இருக்க வேண்டும். எந்தக் குற்றத்துக்காகக் கேட்டு வாங்கினோமோ அதற்கு மட்டுமே விசாரிக்க வேண்டும். தண்டனையிலும் பேரம் உண்டு. 2005ல் போர்ச்சுகல் அபு சலேமை ஒப்படைத்தபோது தூக்கும் கிடையாது, 25 வருடத்துக்கு மேல் சிறையும் கிடையாது என்று இந்தியா வாக்குக் கொடுத்திருந்தது. அந்த வாக்கை மதிக்க வேண்டும் என்று 2022ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் இடையே எளிய ஏற்பாடு ஒன்று உண்டு. ஒரு நாட்டு மாஜிஸ்திரேட்டின் பிடியாணையை மறு நாட்டு மாஜிஸ்திரேட் கையெழுத்திட்டு அமல்படுத்தலாம். ஒரு காலத்தில் ஒரே ஆட்சியின் கீழ் இருந்த இரண்டு ஊர்கள், பிரிந்த பிறகும் இந்தக் கதவை மட்டும் சாத்தவில்லை.

ஆக, நாடுகளுக்கு இடையே இல்லாமல் தவிக்கும் வசதிகள் அத்தனையும் தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் நடுவே இருந்தன. ஒரே சட்டம், ஒரே உச்ச நீதிமன்றம், துரத்திப் போக அனுமதி, எங்கும் விசாரிக்க அனுமதி. இருந்தும் பலன் இவ்வளவுதான்.

கடைசியாக

2024 ஜூலை 1 முதல் ஐ.பி.சி. போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் "தக்" பிரிவு இல்லை. 310ம் 311ம் சத்தமில்லாமல் விடைபெற்றுவிட்டன.

வார்த்தை போனது நல்லதுதான். ஆனால் அது சொல்லிக்கொடுத்த பாடத்தையும் சேர்த்து மறந்துவிடக் கூடாது. 1836லும் சரி, தடா காலத்திலும் சரி, எல்லை தாண்டும் குற்றவாளியைப் பிடிக்க அரசாங்கம் செய்தது ஒன்றே: நிரூபிக்க வேண்டிய சுமையைக் குறைத்துக்கொண்டது. முதல் தடவை அதற்கு வட்டி கட்டியது குற்றப்பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்ட சமூகங்கள். இரண்டாவது தடவை கட்டியது மைசூர் சிறையில் எட்டு வருடம் இருந்துவிட்டு நிரபராதி என்று வீடு திரும்பியவர்கள். வீரப்பனோ இந்தக் கொலைகளில் எதற்கும் ஒரு நாள் கூடக் கூண்டில் நிற்காமலே போய்ச் சேர்ந்தார்.

சட்டத்தைக் கடுமையாக்குவது சுலபம், ஒரு நாளில் சட்டசபையில் முடிந்துவிடும். சாட்சியைக் காப்பாற்றுவதும், ஒழுங்காகப் புலன் விசாரிப்பதும், வழக்கைக் காலத்தோடு முடிப்பதும்தான் கஷ்டம். எல்லையில் வாழும் ஜனங்கள் போலீசைக் கண்டும் பயப்படாமல், கொள்ளைக்காரனைக் கண்டும் பயப்படாமல் நீதிமன்றப் படியேற முடிந்தால், பாலாற்றின் எந்தக் கரையில் குற்றம் நடந்தது என்பது வெறும் முகவரி விஷயமாகிவிடும்.